நேர்ச்சைக்குக் கொடுத்த கைகள்

காது ஒப்பரேசன் முடிந்து ஜெனிற்றாவைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்தது தபசுகாலம் தொடங்கிய கிழமையிலா, அதற்குப் பிறகா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. தலையில் இருந்த கட்டு வெள்ளை என்றுதான் நினைக்கிறேன். தாய் பெற்றிசியா அது மண்ணிறம் என்பாள். தகப்பன் றொகானிடம் கேட்க மனம் வரவில்லை. சிலதை நான் பிழையாகச் சொல்லக்கூடும். ஆனால் அந்தப் பிள்ளை கட்டிலில் இருந்துகொண்டு என்ன கேட்டாள் என்பது மன்னார் தாழ்வுபாட்டில் எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும்.

அவள் பிறவியிலேயே காது கேளாதவள். அப்போது ஐந்து வயது. அவளுக்கும் றொகானுக்கும் இடையில் கடலிலிருந்து வந்த ஒரு பாஷை இருந்தது. இஞ்சின் இரைச்சலில் படகின் முன்னால் நிற்பவன் கத்துவது பின்னால் இருப்பவனுக்குக் கேட்காது. எல்லாவற்றையும் கையால்தான் சொல்வார்கள். உள்ளங்கையை அப்படியும் இப்படியும் சரித்தால் படகு ஆடுகிறது. அதற்கு மறுமொழியாகக் கைமுட்டியை நெஞ்சில் வைத்தால், பயப்படாதே, நான் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு கையையும் விரித்துக் கவிழ்த்தால் வலையில் ஒன்றுமில்லை. கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் றொகான் அவளைக் கரையோரமாகப் படகில் கொண்டுதிரிவான். அப்படியே அவள் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். கயிறு இழுப்பதுபோல் காட்டினால், அவளுக்கு அது 'அப்பா'.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறிய பிறகுதான் காதுக்கு வெளியே மெசின் மாட்டுவார்கள், அதுவரை அவளுக்கு ஒன்றும் கேட்காது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். பேச்சுப் பழக்கும் மிஸ் இன்னொன்று சொன்னார்: மெசின் போட்ட பிறகு முதலில் வாயால் பேசுங்கள், கையைப் பிறகு பாவியுங்கள். றொகானின் மனதில் கடைசிப் பாதி மட்டும் தங்கிவிட்டது. வரும் வழியில் மடுமாதா கோயிலில் இறங்கி, மெழுகுதிரி கொளுத்தி, நேர்ச்சை வைத்தான். மற்றவர்கள் தபசுகாலத்தில் இறைச்சியை விடுவதுபோல, பிள்ளைக்குக் காது கேட்கும்வரை அவளோடு கையால் கதைப்பதை விடுவதாக.

“உங்களுக்கென்ன விசரா? மிஸ் மெசின் போட்டாப் பிறகெண்டெல்லோ சொன்னவ,” என்றாள் பெற்றிசியா.

“மாதாவுக்குச் சொல்லிப்போட்டன்.”

“மாதாவுக்கும் ஒரு பிள்ளை இருந்ததுதானே. அவவுக்கு விளங்காதே?”

தன்னிடம் இருந்ததில் எது பெரிதோ அதைக் கொடுத்தால்தான் நேர்ச்சை என்று அவன் நம்பினான். அவனிடம் இருந்ததில் பெரியது பிள்ளையோடு கையால் கதைப்பதுதான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஜெனிற்றாவுக்குத் தலைசுற்றத் தொடங்கியது. இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு சிலருக்கு அப்படி வருமாம். கட்டிலில் எழுந்திருந்தவள் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். ஒரு கையை எடுத்து, தகப்பனைப் பார்த்து, உள்ளங்கையைச் சரித்தாள். படகு ஆடுகிறது.

றொகான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். “ஒண்டுமில்லையம்மா, சரியாப் போகும்,” என்றான் வாயால்.

அவளுக்கு வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. இன்னும் வேகமாகக் கையைச் சரித்தாள். பெற்றிசியா ஓடிவந்து அணைத்து, தன் முட்டியைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள். பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் தகப்பனையே பார்த்தாள். இஞ்சின் பிடிப்பவன் அவன் அல்லவா?

பிறகு வந்த நாட்களிலும் கையைச் சரித்து அவனிடம் கேட்டாள். காயத்துக்கு மருந்து போடும்போது கேட்டாள், மற்றப் பக்கம் சரித்துப் படுக்க வைக்கும்போது கேட்டாள். றொகான் முற்றத்துக்குப் போய்விடுவான்.

அவனோடு தொழிலுக்குப் போகும், அவன் அண்ணன் முறையாக 'நானா' என்று கூப்பிடும் மஹ்மூது ஒருநாள் விளைமீன் கொண்டுவந்தார். கதவடியில் நின்று நண்டு நடப்பதுபோல் விரல்களை ஓட்டினார். ஜெனிற்றா தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“என்னடா, கையில கொள்ளிக்கட்டையா? பின்னால ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?” என்றார் றொகானிடம்.

“நேர்ச்சை, நானா.”

“எங்கட நோன்பிலயே வருத்தக்காரருக்கு விலக்கிருக்கு. நீ வருத்தக்காரப் பிள்ளையையெல்லோ பட்டினி போடுறாய்.”

“இன்னும் கொஞ்ச நாள்தானே. நான் முறிச்சு, அவளுக்குக் கேக்காமப் போனா?”

மஹ்மூது மீன் பையைப் பெற்றிசியாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் ஜெனிற்றா தானாகக் கட்டிலை விட்டிறங்கி, சுவரைப் பிடித்து நடந்து, முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வழக்கம்போல் கைகளைப் பின்னால் கொண்டுபோனான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் கவிழ்த்தாள். வலையில் ஒன்றுமில்லை. அவனைப்போலவே தன் கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அவனுடைய கைகள் அப்போது முன்னால் வந்தன, நெஞ்சுவரை உயர்ந்தன என்று பெற்றிசியா சொல்கிறாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மறுபடி இறக்கிவிட்டான்.

மெசின் மாட்டிய நாளில் முதல் சத்தம் கேட்டதும் ஜெனிற்றா வீறிட்டுத் தாயைக் கட்டிக்கொண்டாள். கேட்டுவிட்டது. நேர்ச்சை முடிந்தது. றொகான் அழுதுகொண்டே முழங்காலில் இருந்து, கயிறு இழுத்துக் காட்டினான், முட்டியை நெஞ்சில் வைத்தான். இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்தான். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். தன் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

ஜெனிற்றா இப்போது மன்னாரில் பள்ளிக்கூடம் போகிறாள். தெளிவாகப் பேசுகிறாள், கோயிலில் வாசகமும் வாசிக்கிறாள். பிறகு பெற்றிசியாவுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்குக் காதில் குறையில்லை. மஹ்மூது சொந்தமாகப் படகு வாங்கிவிட்டார். அவரைக் கரையில் கண்டால் ஜெனிற்றா இன்றும் நண்டு ஓட்டிக் காட்டுவாள். றொகான் கடலுக்குப் போய்வருகிறான். அவனோடு அவள் வாயால் மட்டும் பேசுகிறாள்.