பம்புக்குள் தங்கையன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில் சுசீந்திரத்துக்குக் கிழக்கே குளத்தில் பம்பு இறக்கியிருந்த ஒரே மனிதர் நாராயணபெருமாள் பண்ணையார். எண்ணெய் எஞ்சினும் பம்பும் வண்டியில் வந்த அன்று நாதசுரம் வைத்தார். மகள் கல்யாணத்துக்குக்கூட வெறும் தவில்தான்.

சித்திரையில் அதைப் பார்க்க நாலு அதிகாரிகள் வந்தார்கள். தண்ணீருக்குள் கிடந்த உறிஞ்சுகுழாயின் வாயைப் பாசி அடைத்திருந்தது. எடுக்க முங்கிய கூலியாள் தங்கையன் பிணமாகத்தான் மேலே வந்தான்.

"கள்ளு குடிச்சிட்டு எறங்கினான்," என்றார் பண்ணையார். ஊரும் அப்படியே எழுதிக்கொண்டது.

ஐப்பசி மழை விழுந்ததும் பம்பைக் கழற்றி வைக்க இரணியலிலிருந்து ஃபிட்டர் ஜான்ரோஸ் வந்தான்.

"உள்ள சொட்டுத் தண்ணி நிக்கப்பிடாது அண்ணாச்சி. நின்னா தை பொறக்கதுக்குள்ள துரு தின்னுரும்."

கவிழ்த்து வைத்து, மூன்று நாள் உலர்த்தி, கிரீஸ் பூசி, வாயில் சாக்குக் கட்டி நெல்லறையில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் உச்சிவேளையில் உள்ளே போன பண்ணையாருக்கு ஒரு சொட்டு கேட்டது. பிறகு, தண்ணீருக்குள் ஆள் மூச்சுவிடும் குமிழிச் சத்தம். ஜான்ரோஸைத் திரும்ப வரவழைத்தார். அவன் சாக்கை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினான்.

"பப்படம் மாதிரில்லா காஞ்சு கெடக்கு! ஒமக்கு என்னவாக்கும் கேக்கு?"

"ஒண்ணும் கேக்கல்லடே."

நெல்லறைப் பக்கம் போவதை நிறுத்தினார். சத்தம் சாப்பாட்டு இலை வரைக்கும் வந்தது.

பேயெல்லாம் பாமரருக்கு என்று முழங்கியவர், குளக்கரையில் தங்கையனுக்கு மாடன் பீடம் போடச் சொன்னார். அகால மரணம் அடைந்தவனுக்குப் பீடம் போட்டு, அவன் கதையை வில்லில் பாடினால் அடங்குவான் என்பது நாஞ்சில் நாட்டு வழக்கம். பீடத்தை நினைத்தவர் கதையை மறந்துவிட்டார்.

பீடம் போட்ட அன்று ஊர் கூடியிருக்க, வில்லுப்பாட்டுக்காரர் தாணுலிங்கம் வில்லை நிறுத்திப் பண்ணையாரைக் கேட்டார்: "எப்பிடிச் செத்தான்?"

"கள்ளு குடிச்சி..."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கையன் மனைவி செல்லத்தாய் வந்தாள். ஆறு மாதமாக அவளுக்குக் குடிகாரன் பெண்டாட்டி என்றுதான் பெயர்.

"எனக்க மாப்பிள கள்ளத் தொட்டதில்ல. பீடத்துல கைய வச்சிச் சொல்லும் பண்ணையாரே."

வைத்தார். மண் ஈரமாக இருந்தது. குமிழிகள் உள்ளங்கைக்குக் கீழே உடைந்தன.

"அவன் முங்கிக் கெடக்கச்சிலயே நான்தான் எஞ்சினப் போட்டேன். ஆபீசர்மாருக்கு நேரமாச்சின்னு... குழாய் அவன் கையப் புடிச்சிருச்சி."

செல்லத்தாய் அழவில்லை. பாட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீரா அண்ணாச்சி? எஞ்சினப் போட்டவருக்க பேரு, வீட்டுப்பேரு ஒண்ணும் விடாமப் பாடும்."