கஜேந்திரன் ஓடாத ஞாயிறு

“முத்துலிங்கம் அண்ணே, எழும்புங்க! பனிக்குப் பயந்துகிட்டு படுத்துக் கெடந்தா தொப்ப எப்புடி கொறையும்? போன வாரம் கோயில் ஏத்தத்துல நிக்காமயே ஏறினீங்கல்ல? ஒங்களால முடியும்ணே!”

லிந்துலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சேவலை எழுப்பிவிடுவதே கஜேந்திரன்தான் என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசுவார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில், காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே கைபேசியை வாய்க்கருகே வைத்து ஆளுக்கொரு குரல் செய்தி அனுப்புவான். முத்துலிங்கம் அதே லயத்தின் கடைசி வீடான தொங்க வீட்டில்தான் இருக்கிறார். வாசலில் நின்று கூப்பிட்டாலே கேட்கும். இருந்தாலும் அவருக்கும் வாட்ஸ்அப்பில்தான் உற்சாகம் போகும்.

தலவாக்கலை பஜாரில் இரும்புக் கடையொன்றில் வேலை பார்க்கும் கஜேந்திரனும், தோட்டத்து மருத்துவமாது ஜெயந்தினியும் சேர்ந்து தொடங்கியதுதான் அந்த ஓட்டக் குழு. ஓடிப் பரிசு வாங்கியவர்கள் யாரும் அதில் இல்லை. சீனி வியாதிக்காரர், குடியை விட்டவர், வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டவர் என்று கலவையான கூட்டம். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் இன்னொருவர் முதுகில் தட்டி நகர்த்துவார். இந்த வேலையில் கஜேந்திரனை மிஞ்ச ஆளில்லை. அவன் கைதட்டிக் கத்தினால், உட்காரப் போனவரும் நாலடி கூட ஓடிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்திகளை அனுப்பிவிட்டு உள்ளே திரும்பினான். அடுப்புப் புகைக்குள் அவன் மனைவி வினோதா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் நீட்டிய தேத்தண்ணியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான்.

“நீயும் வா வினோதா. ஒன்னால முடியும்.”

“ம்” என்றாள் அவள், கல்லில் கிடந்த ரொட்டியைப் புரட்டியபடி.

கஜேந்திரனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மனைவியை ஓடக்கூடாது என்று தடுக்கிற ஆட்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. வினோதா முதலில் சில ஞாயிறுகள் ஏற்றத்தடி வரை குழுவோடு ஓடியபோது அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு அவள் வரவில்லை. பொம்பளைகளுக்கு விடாப்பிடி குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டானே தவிர, ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று குழு ஏற்றத்தை முடித்துத் திரும்பும்போது, கீழ் வளைவில் ஓர் உருவம் தனியாக ஓடி வருவது தெரிந்தது. வினோதாதான். கஜேந்திரனின் பழைய ஜெர்சியைப் போட்டிருந்தாள். தலைமயிரில் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கஜேந்திரனின் குரல் மட்டும் தனியாக மேலெழுந்தது.

“முடியும் வினோதா! விட்டுறாத! ஒன்னால முடியும்!”

அவள் நின்றுவிட்டாள். கோபப்படவில்லை. அலுப்பாகத்தான் சொன்னாள்.

“முடியும்னு எனக்கும் தெரியுங்க. நேரந்தான் இல்ல. பாப்பாவ தொங்க வீட்டு ராசம்மாக்காகிட்ட விட்டுட்டு ஓடியாந்தேன். அவங்களும் தண்ணி புடிக்கப் போகணும்ல.”

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

“கஜேந்திரன் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஆரம்பித்தாள் ஜெயந்தினி. “காலையில எழும்பி நீங்க என்னா செய்வீங்க?”

“என்னா, தேத்தண்ணி குடிச்சிட்டு சப்பாத்து மாட்டுவேன்.”

“தேத்தண்ணிய யாரு ஊத்துறது?”

எல்லோரும் சிரித்தார்கள். முத்துலிங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கஜேந்திரனும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“வினோதாக்கா மலையோட்டத்துக்குப் பேரு குடுத்திருக்காங்க, தெரியுமா?” என்றாள் ஜெயந்தினி. அடுத்த ஞாயிறு இளைஞர் சங்கம் நடத்தும் ஓட்டம் அது; கஜேந்திரனும் பெயர் கொடுத்திருந்தான். சந்தியில் தொடங்கி தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கின் கோயிலில் முடியும். “ஏன்க்கான்னு கேட்டேன். ‘வேலைக்கின்னு பெரட்டுக்குப் போன நாள்லேருந்து பாப்பாவுக்காக வேலைய விட்ட வரைக்கும் இந்த மலையில கொழுந்துக் கூடையோடத்தான் ஏறியிருக்கேன் மிஸ், ஒரே ஒரு தடவ வெறும் முதுகோட ஏறிப் பாக்கணும்’னாங்க.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கஜேந்திரனுக்கு அதே நினைவுதான். தன்னிடம் சொல்லாமல் ஊராரிடம் சொல்லியிருக்கிறாளே என்று சுருக்கென்றது. சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்றும் யோசித்துப் பார்த்தான். கைதட்டியிருப்போம். அவ்வளவுதான்.

மறுநாள் அவளுக்கு முன்பே எழும்பினான்.

“நீ போயி ஓடிட்டு வா. வீட்ட நான் பாத்துக்கிறேன்.”

காய்ச்சலா என்று பார்ப்பதுபோல் வினோதா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மனம் மாறிவிடுவானோ என்ற பயத்தில், மறுபேச்சுப் பேசாமல் வெளியே ஓடிவிட்டாள்.

ஈர விறகு கஜேந்திரனின் கண்ணைக் கலங்கடித்தது. ரொட்டி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் மாவாகவே இருந்தது. மகள் டிலானி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். இதெல்லாம் நாலு சுவருக்குள் நடந்ததால் சமாளித்துக்கொண்டான். தண்ணீர்க் குடம்தான் வம்பாகப் போயிற்று.

அந்த லயத்தில் ஆண்கள் மலைநீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போவார்கள், முகம் கழுவப் போவார்கள். குடத்தோடு போனால் வீட்டில் பிள்ளைப்பேறு, இல்லையென்றால் சாவு. பீலியடியில் நின்ற பெண்கள் கஜேந்திரனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். முத்துலிங்கத்தின் மனைவி ராசம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

“என்னா தம்பி, ஒலகம் தலகீழாப் போச்சா? கொடத்தோட வந்திருக்க?”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கஜேந்திரனுக்குக் காது சுட்டது.

“வினோதாவுக்கு ஒடம்பு சரியில்லக்கா.”

மலை அதிரக் கத்துகிறவனுக்கு அன்றைக்கு அதற்கு மேல் குரல் எழவில்லை. மறுநாளும் அதே பொய். வாரம் முழுக்க அதே பொய்தான். வினோதா ஒவ்வொரு காலையும் பின்பாதையால் ஓடிப் போய், முகம் மலர்ந்து திரும்பி வந்தாள். அவளுடைய மலர்ச்சியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திக்கென்றும் இருந்தது.

சனிக்கிழமை காலை குட்டு உடைந்தது. ராசம்மா வாயாடிதான், ஆனால் மனசு தங்கமானவள். பாவம், இத்தனை நாளாகப் படுத்திருக்கிறாளே என்று கொத்தமல்லி அவித்துச் செம்பில் ஊற்றிக்கொண்டு வந்தாள். வாசலில் அவள் கண்டது, வேர்க்க வேர்க்க ஓடி வந்து நின்ற வினோதாவை.

ராசம்மா போனபிறகு வினோதா உள்ளே வந்தாள். செம்பு அவள் கையில் இருந்தது.

“எனக்கு என்னா வருத்தம், என்னா நோவுன்னு ஊருக்குச் சொன்னீங்க?”

கஜேந்திரன் அடுப்புக்குள் விறகைத் தள்ளினான்.

“நான் ஓடுறது ஒங்களுக்கு வெக்கமா இருந்தா சொல்லிருங்க. நின்னுக்கிறேன். பொய் சொல்லி அனுப்புற ஓட்டம் எனக்கு வேணாம். நாளைக்கி நான் போகல.”

“நீ ஓடுறது வெக்கமில்ல வினோதா.” அவன் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான். “நான் கொடம் தூக்குறதுதான் வெக்கமா இருந்திச்சி.”

“அந்தக் கொடத்தத்தான் நான் தெனமும் தூக்குறேன்” என்றாள் அவள். சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

கஜேந்திரன் தன்னை நினைத்து வெட்கப்பட்ட நாள் அது. ஊரையே ஓடு ஓடு என்று விரட்டியவன், தன் வீட்டுக்காரி ஆசைப்பட்ட ஒரே ஓட்டத்தைத் தன் வாயாலேயே நிறுத்திவிட்டான்.

ஞாயிறு விடியற்காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனான். தோட்டத்துக்கு விடுமுறை நாளானதால் பாதி லயம் அங்கேதான் நின்றது. ராசம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“வாங்க தொரை. இன்னைக்கி என்னா வருத்தம்?”

“ஒரு வருத்தமும் இல்லக்கா. நான் சொன்னது பொய்.” எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னான். “அவ நல்லாத்தான் இருக்கா. மலையோட்டத்துல ஓடப் போறா. அவ ஓடணும்னா தண்ணி நான் புடிக்கணும். அதச் சொல்லத்தான் எனக்கு வெக்கமாப் போச்சி.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரும் சேர்ந்து சிரிக்காததால் அந்தச் சிரிப்பு அடங்கிப் போனது. ஒரு பெண் தன் குடத்தை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.

வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியில் கிடந்த சப்பாத்தை எடுத்து வினோதாவின் முன்னால் வைத்தான்.

“பீலியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கெளம்பு.”

அவள் அவனை நம்பலாமா என்று பார்த்தாள். நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனாலும் தயங்கினாள்.

“நீங்களும் பேரு குடுத்திருக்கீங்கல்ல? பாப்பாவ யாரு பாக்குறது? பிள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவும் இன்னைக்கி பூட்டு.”

“நாந்தான் பாக்குறது. அடுத்த வருசம் நான் ஓடிக்கிறேன்.”

அவள் போனபின் தூறல் பிடித்தது. மேல்கணக்கிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. கஜேந்திரனுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்நேரம் சந்தியைத் தாண்டியிருப்பாள், இந்நேரம் வளைவில் ஏறுவாள், வழுக்கி விழுந்திருப்பாளோ என்று மனம் அவள் பின்னாலேயே ஓடியது. கத்தவேண்டும்போல் தொண்டை பரபரத்தது. டிலானிக்கு மூக்கைத் துடைத்துவிட்டான், சோறு வடித்தான், பருப்பு அடிப்பிடிக்காமல் கிண்டினான். உற்சாகப்படுத்துவது இவ்வளவு கஷ்டமான வேலையா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

மதியம் வினோதா வந்தாள். முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் முத்துலிங்கம் இடுப்பைப் பிடித்தபடி வந்து வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“என்னாப்பா கஜேந்திரா, இன்னைக்கிப் போயி வீட்டுல குந்திக்கிட்ட? ஒன் சத்தம் இல்லாம வழி பூரா செத்த வீடு மாதிரி இருந்திச்சி. வினோதா ஏறினதப் பாத்திருக்கணும் நீ! மேல்கணக்கு வளைவுல என்னைய முந்திக்கிட்டுப் போயிருச்சி!”

“எத்தனையாவது ஆளா வந்த?” என்று கேட்டான் கஜேந்திரன்.

“யாரு எண்ணினா?” என்று சிரித்தாள் வினோதா. “மொதல்ல முதுகுல ஒண்ணுமில்லாதது ஒரு மாதிரி பயமா இருந்திச்சிங்க. பெறகு கோயில் மணி கண்ணுல பட்டதும் அழுகையா வந்திச்சி. ஆனா நிக்கல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்களும் வந்து ரெண்டு சத்தம் போட்டிருக்கலாம்.”

கஜேந்திரன் தேத்தண்ணியை ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, இருவருக்கும் பொதுவாகப் பதில் சொன்னான்.

“சத்தம் போட ரோட்டுப் பூரா ஆள் நிக்கிறாங்க. வீட்டுல அடுப்பப் பாக்கத்தான் ஆளில்லாம இருந்திச்சி. வேலையெல்லாம் ஒருத்தி தலையில கட்டிட்டு ‘ஒன்னால முடியும்’னு கைதட்டுறது உற்சாகப்படுத்துறது இல்லண்ணே. அவ சொமையில பாதிய வாங்கிக்கிட்டாத்தான் அது உற்சாகம். எனக்கு இது இப்பத்தான் வெளங்கிச்சி.”

நிரம்பிய குடத்தோடு வாசலைக் கடந்துகொண்டிருந்த ராசம்மா நின்றாள். குடத்தை இறக்கி, படியில் உட்கார்ந்திருந்த தன் புருஷனுக்கு முன்னால் வைத்தாள்.

“காதுல விழுந்திச்சா? நாளைக்கி எத்தன மணிக்கி எழும்புறீங்க?”