கன்னையனுக்கு விழுந்த பாட்டு

பகலில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை இரவு பத்து மணியானால் மண்ணரைப் பகுதி கேபிள் டிவியில் சிரிப்பு நடிகர். கன்னையனுக்கு இப்படி இரண்டு பிழைப்பு. கேபிள்காரர் மயில்சாமி தன் வீட்டு மாடியில் ஜமுக்காளம் விரித்து, பின்னால் ஒரு திரை கட்டி, இரண்டு ட்யூப்லைட்டைப் போட்டு, நிகழ்ச்சியை நேரடியாகவே ஒளிபரப்பினார். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

நடுவில் ஒரு பாட்டு உண்டு. யாராவது பாடுவார்கள், கன்னையன் குறுக்கே புகுந்து கலாட்டா செய்வார். சாயப்பட்டறைக்காரர் ஒருவர் மவுத் ஆர்கன் வாசித்தபோது கன்னையன் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டார். ஊரே சிரித்தது. வாசித்தவர் மட்டும் பாதியில் எழுந்து படியிறங்கிப் போனார். அன்றிரவு கன்னையனுக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருடம் தை மாதம் செல்லத்தாய் பாட வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, பனியன்களில் ஓட்டை பார்க்கும் செக்கிங் வேலை. நடவுப்பாட்டு பாடுவதாக ஏற்பாடு.

"நீங்க சேலை கட்டிட்டுப் போயி நாத்து நடுங்க, மாஸ்டர்" என்றார் மயில்சாமி.

"அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னா பயந்துக்குமுங்க."

செல்லத்தாய் கண்ணை மூடிப் பாடினாள். தாளத்துக்குக் கைதட்டல் மட்டும்தான். திரைக்குப் பின்னால் சேலையில் நின்ற கன்னையனுக்குக் கால் நகரவில்லை. மயில்சாமி கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். சேலை தடுக்கி, கன்னையன் அவள் முன்னால் போய் விழுந்தார்.

பாட்டு நின்றது. செல்லத்தாய் கண்ணைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கொசுவத்த இப்படியா சொருகுவாக? எந்திரிங்க."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவரை எழுப்பி நிறுத்தி, கொசுவத்தை ஒழுங்காக மடித்துக் கையில் கொடுத்தாள். பிறகு அதே மெட்டில், அந்த நிமிடமே கட்டிப் பாடினாள்:

"கட்டிங் மாஸ்டர் கட்டுன சேல
காலச் சுத்துது பாருங்கடி
அளவு பாத்து வெட்டுன மனுசன்
அளவு தப்புனது ஏனுங்கடி!"

மாடியில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே தெருவிலிருந்தும் சிரிப்புக் கேட்டது. கன்னையனுக்கு முகம் சிவந்தது. ஆனால் அடுத்த அடிக்கு அவர் கை தானாகவே தாளம் போட ஆரம்பித்துவிட்டது. ஒன்பது அடி அவரை வைத்தே பாடினாள். மறுபடி நடவுப்பாட்டுக்குத் திரும்பியபோது அவர் ஜமுக்காளத்து ஓரமாய் உட்கார்ந்து கேட்டார்.

முடிந்ததும் அவள் தயங்கி நின்றாள். "கோவமா அண்ணாச்சி?"

"இல்லீங்க அம்மிணி. நானே வந்து வாங்கிக்கிட்டதுதானுங்களே."

திங்கட்கிழமை கம்பெனிக்குள் நுழைந்ததும் தையல் மிஷின் வரிசை முழுவதும் அந்தப் பாட்டைப் பாடியது. கன்னையன் தலையை ஆட்டிக்கொண்டே கத்தரியை எடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், மாதம் ஒரு சனிக்கிழமை செல்லத்தாய் பாட்டு என்றானது. சொல்லாமல் யார் பாட்டிலும் புகுவதில்லை என்று கன்னையன் மயில்சாமியிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அவளிடம் மட்டும் ஒருமுறை கேட்டார்:

"முன்னாடியே ஒருதரம் பாடிப் பாத்துக்கலாமுங்களா?"

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். "அந்த நேரத்துல உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு அடி வரும்."