பிறக்கும் முன் பின்னிய குல்லா

வசந்தியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் போட்டான் விஷ்ணு. கூடப்பிறந்த அண்ணனின் பெண்டாட்டி என்கிற மரியாதையெல்லாம் அன்றைக்குக் காற்றில் பறந்துவிட்டது. அவனுடைய இன்னொரு கையில் ஒரு வெள்ளைக் குல்லா இருந்தது. அதோடு சேர்ந்த சட்டையும், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத காலுறைகளும் இருந்தன. எல்லாம் கையால் பின்னியவை.

"யாருக்குப் பின்னினே இத? சொல்லு அண்ணி."

அடித்துக்கொண்டே அண்ணி என்று வேறு கூப்பிடுகிறான். வசந்தி முந்தானையால் வாயைத் துடைத்தாள். உதடு கிழிந்து ரத்தம் கரித்தது.

வெளியே தெருவில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் திருத்தணி மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பம்பையும் உடுக்கையும் காதைக் கிழித்தன. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் காவடிகள் ஒரு கூட்டம், அரக்கோணத்துக் காவடிகள் ஒரு கூட்டம் என்று அரோகரா போட்டுக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்தில் இந்த வீட்டில் ஒருத்தியை வெட்டிப் போட்டாலும் யாருக்கும் கேட்காது. விஷ்ணுவுக்கும் அது தெரியும்.

வசந்தி வீட்டிலேயே கைக்குழந்தைகளுக்குப் பின்னல் துணி போடுகிறவள். மலையில் முதல் மொட்டை அடித்து, சந்தனம் பூசிக்கொண்டு, வெயிலில் முகம் சுருங்கி அழுதுகொண்டே இறங்கும் பிள்ளைகளுக்கு அவள் பின்னிய நூல் குல்லாதான். அடிவாரத்தில் எல்லப்பன் கடையில் அது கயிற்றில் வரிசையாகத் தொங்கும். பேர் வைக்கிற விசேஷத்துக்குச் சட்டை, தொட்டிலில் கட்ட யானை, கிளி என்று வெளியூரிலிருந்தும் போனில் கேட்பார்கள். ஆனால் பிறக்காத பிள்ளைக்கு அவள் ஊசி எடுக்கமாட்டாள். வளைகாப்புக்குப் பரிசாக வேண்டும் என்று எவ்வளவு பெரிய இடத்திலிருந்து கேட்டாலும், "பொறந்தப்புறம் கூப்டுங்க" என்று போனை வைத்துவிடுவாள். பிறந்த பிள்ளைக்கே முதலில் பழைய வேட்டித் துணியைத்தான் சுற்றுவார்கள். அதற்கு முன்னால் புதுசு செய்து வைப்பது எமனுக்கு வழி சொல்வது மாதிரி என்று இந்த வீட்டில் எல்லாருமே நம்பினார்கள். வசந்தியும்தான்.

விஷ்ணுவின் மனைவி அனிதாவுக்குப் போன வாரம் எட்டாம் மாதத்திலேயே வலி வந்து, பிள்ளை செத்துப் பிறந்தது. வசந்தியின் கணவன் குணசேகரனின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். இன்று காலையில் அனிதாவுக்கு வயிறு கட்டத் துணி தேடி மாமியார் வள்ளியம்மாள் வசந்தியின் டிரங்குப் பெட்டியைக் கிளறினாள். அடியில் இந்த வெள்ளைச் செட் கிடைத்தது. உடனே மகனைக் கூப்பிட்டாள்.

"எம்புள்ள குடும்பத்த அழிக்கறதுக்குன்னே பின்னி வெச்சிக்கிறா பாரு," என்று சுவரோரம் உட்கார்ந்து வள்ளியம்மாள் புலம்பிக்கொண்டிருந்தாள். "அவளுக்குப் புள்ள இல்லன்ற வயித்தெரிச்சல்."

விஷ்ணு பின்னல் கூடையை எட்டி உதைத்தான். நூல் கண்டுகள் நான்கு பக்கமும் ஓடின. ஸ்டீல் ஊசிகள் தரையில் சிதறின. அவன் வசந்தியின் வலது கையைப் பிடித்து இழுத்து, அறைக் கதவின் இடுக்கில் வைத்தான்.

"இந்தக் கைதான பின்னிச்சி?"

குணசேகரன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். ஷேர் ஆட்டோவில் கே.ஜி.கண்டிகைக்கும் திருத்தணிக்கும் நடுவில் நாள் முழுக்க ஊரையே அதட்டி ஓட்டுகிறவன், வீட்டுக்குள் தம்பியைப் பார்த்தால் பெட்டிப்பாம்பு. "சொல்லிடேன் வசந்தி," என்றான். "ஏதோ கடைக்குப் பின்னினேன்னு சொல்லிடு. உட்டுடுவான்."

அவளால் உண்மையைச் சொல்ல முடியாது. அது அவள் பின்னியதே இல்லை.

அவளுடைய பின்னல் கொஞ்சம் தளர்வாக, தொட்டால் நெகிழ்ந்து கொடுக்கும். இந்தக் குல்லாவில் பின்னல் கண்கள் ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட மாதிரி இறுக்கமாக இருந்தன. அது அனிதாவின் கை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தன் பிள்ளைக்குத் தானே பின்னியிருந்தாள். தலையணைக்கு அடியில் ஒரு நாள் வசந்தி அதைப் பார்த்துவிட்டாள். பிரித்துவிடச் சொல்லித் திட்டினாள். "நீயே பிரிச்சிடுக்கா, எனக்கு மனசு வரல," என்று அழுதுகொண்டே கையில் கொடுத்தாள் அனிதா.

வசந்தி நூல் முனையைத் தேடி எடுத்தாள். ஒரு இழு இழுத்திருந்தால் போதும், சரசரவென்று பிரிந்து வெறும் நூலாகியிருக்கும். அவளாலும் முடியவில்லை. அந்தப் பெண்ணின் முதல் வேலை. அவ்வளவு அழகாக வந்திருந்தது. பெட்டியின் அடியில் தள்ளிவிட்டாள். பிள்ளை செத்த நாளிலிருந்து அந்த நூல் முனைதான் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கே பிரித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று அவள் நம்பினாள். அதனால்தான் அடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். இது யாருடையது என்று சொன்னால் இந்த அடி உள்ளறைக்குப் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அனிதா இன்னும் நடக்கிறாள். அவள் தாங்கமாட்டாள்.

"கடைசியா கேக்கறேன்."

"நான்தான் பின்னினேன்," என்றாள் வசந்தி. "யாருக்கும் இல்ல. சும்மா."

அவன் கதவை இழுத்துச் சாத்தினான்.

விரல் எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தினாள். வெளியே அரோகரா எழுந்து அவள் குரலை அமுக்கியது. அவன் கதவைத் திறந்து, மறுபடியும் சாத்த ஓங்கினான்.

"உடு பாவா."

உள்ளறை வாசலில் அனிதா நின்றாள். விஷ்ணு அவளுக்குச் சொந்த அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே பாவா என்றுதான் கூப்பிடுவாள், புருஷன் ஆன பிறகும் அதேதான். பேர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. குடிக்கப் பிள்ளை இல்லாமல் கட்டிக்கொண்ட பால் அவள் ரவிக்கையை நனைத்திருந்தது.

"அது நான் பின்னினது. என் புள்ளைக்கு. அக்கா பிரிக்கச் சொல்லுச்சு, நான்தான் கேக்கல."

விஷ்ணு கதவை விட்டான். பிறகு முகம் மாறியது. "நீயா?" என்று கேட்டுக்கொண்டே போய் அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் நிலைப்படியில் மோதி, சரிந்து, மல்லாக்க விழுந்தாள். அவன் காலைத் தூக்கினான்.

"டேய், வயித்துல வாணாண்டா," என்று வள்ளியம்மாள் அலறினாள். "அன்னிக்கு ஒதச்சதே போதும்டா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வசந்தி மாமியாரைப் பார்த்தாள். வயிறு கட்டும்போது அனிதாவின் விலாவுக்குக் கீழே கருநீலமாகக் கன்றியிருந்த இடத்தை வசந்தி பார்த்திருக்கிறாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக அனிதா சொன்னாள். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னாள். குல்லாவை நினைத்து வெந்துகொண்டிருந்த வசந்தி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைக் கொன்ற கால் இதோ கண்ணெதிரில் ஓங்கி நிற்கிறது. அவனைப் பெற்றவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பெட்டியைக் கிளறி ஒரு குல்லாவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தான் பிரிக்காமல் விட்ட நூல்தான் கொன்றது என்று இத்தனை நாள் தூங்காமல் கிடந்த முட்டாள்தனத்தை நினைத்தபோது வசந்திக்கு ஆத்திரம் பொங்கியது.

தரையில் கிடந்த ஸ்டீல் ஊசியை இடது கையால் எடுத்தாள். அவன் ஊன்றியிருந்த காலின் ஆடுசதையில், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இறக்கினாள்.

ஊசி பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. விஷ்ணு ஊளையிட்டுக்கொண்டு விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவள் கழுத்தைப் பிடிக்க வந்தான். அவள் ஊசியை உருவி மறுபடியும் குத்தினாள். இந்த முறை தொடையில். ரத்தம் வெள்ளை நூல் கண்டின்மேல் பாய்ந்தது.

"வசந்தி, போதும்," என்று குணசேகரன் ஓடி வந்தான்.

"இப்பதான் உனக்கு உள்ள வர வழி தெரிஞ்சிதா?" என்றாள் அவள். "உன் தம்பியப் புடி. இல்லன்னா அடுத்தது உனக்குதான்."

அவன் தம்பியைப் பிடித்தான். கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனால் மேலே ஏறி உட்கார்ந்து அழுத்திப் பிடித்தான். கை முறுக்கப்பட்ட விஷ்ணு அம்மாவைக் கூப்பிட்டான். வள்ளியம்மாள் சுவரோரத்தை விட்டு அசையவில்லை.

அனிதா தவழ்ந்து வந்து குல்லாவையும் சட்டையையும் காலுறைகளையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு வசந்தியின் கையைப் பார்த்தாள். விரல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றன. "வாக்கா," என்றாள். யார் யாரைத் தாங்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்ல முடியாது. காவடிக் கூட்டத்துக்கு எதிராக இரண்டு பேரும் நடந்தார்கள். ரத்தத்தைப் பார்த்தவர்கள் அலகு குத்திக்கொண்டவர்கள் என்று நினைத்து, கும்பிட்டு வழி விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் போன வாரம் அனிதாவுக்குப் பிரசவம் பார்த்த அதே நர்ஸ் இருந்தார். வசந்தியின் கையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "எப்படிம்மா ஆச்சு?"

"கதவுல மாட்டிக்கிச்சிங்க," என்றாள் வசந்தி. ஊசி எடுத்துக் குத்திவிட்டு வந்தவளின் நாக்குக்குக்கூடப் பழக்கம் விடவில்லை.

"தானா மாட்டல சிஸ்டர்," என்றாள் அனிதா. "வெச்சு சாத்தினாங்க. அன்னிக்கு நான் வழுக்கி உழுந்தேன்னு சொன்னதும் பொய்ங்க. வயித்துல ஒதச்சதுலதான் என் புள்ள போச்சு. போலீஸக் கூப்புடுங்க, சொல்றேன்."

"ஒதச்சது யாரும்மா?"

அனிதா மடியை அவிழ்த்து அந்தக் குல்லாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பாவா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள்.

"விஷ்ணு," என்றாள். "கோதண்டபாணி மகன் விஷ்ணு."