பழகிப்போன வாய்

எங்கள் இதயப் பிரிவிலிருந்து யார் கிளம்பினாலும் நான் "பெரஸ்திகா" என்பேன். எங்கள் கிரேக்க மொழியில், வந்த நோவு கடந்து போகட்டும் என்று அர்த்தம். லிஃப்ட்காரர் தும்மினாலும் அதுதான், மூக்கில் குழாயோடு படுத்திருப்பவருக்கும் அதுதான். வாய் பாட்டுக்குச் சொல்லும், மனசு பஸ்ஸைப் பிடிக்க ஓடும். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு சாவுக்கும் கழிப்பறையில் போய் அழுதவள்தான். இப்போது அழுகையே வருவதில்லை. அதை ஒரு திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், என் கொழுப்பைப் பாருங்கள்!

இன்று மதியம் வயதான அம்மாள் ஒருத்தி என் மேசை முன்னால் வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் ஆம்பளைச் செருப்பும் கண்ணாடியும்.

"எல்லாருக்கும் நன்றிம்மா. நான் கிளம்புறேன்."

"பெரஸ்திகா" என்றேன், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பக்கத்தில் இருந்த ஃபானி என் தொடையைக் கிள்ளினாள். "அடியே அர்கிரோ! இவங்க வீட்டுக்காரர்தாண்டி காலைல போனாரு. அந்த ஸ்தெர்யோஸ் தாத்தா!"

சாவு கண்டவர்களிடம் "உங்களுக்கு ஆயுசு கெட்டியா இருக்கட்டும்" என்பதுதான் எங்கள் வழக்கம். எங்கள் வோலோஸ் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"விடு கண்ணு, வாய் பழகிப்போச்சு" என்றாள் அந்த அம்மாள். திட்டியிருந்தால் தேவலை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவர் போறப்ப நீதானே பக்கத்துல இருந்தே?"

"ஆமாம்மா. கஷ்டப்படல. தூங்கினாப்புல போயிட்டாரு."

இதுவும் எல்லோருக்கும் சொல்வதுதான்.

"கஷ்டப்பட்டாரு கண்ணு. நான்தான் கூடவே இருந்தேனே. நீங்கல்லாம் பாவம் நின்னுட்டே இருக்கீங்களேன்னு, உங்களுக்கு இனிப்பு வாங்கக் கொஞ்ச நேரம் கீழ போனேன். வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "நான் போனப்புறம் என்னைத் தேடினாரா? வாசப்பக்கம் பாத்தாரா? அது தெரியாம நான் எப்படி வீட்டுக்குப் போவேன், சொல்லு."

அந்தக் கதாயிஃபி இனிப்புப் பெட்டியை நாங்கள் காலையிலேயே காலி செய்துவிட்டோம். யார் வாங்கி வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

தேடினார் என்றால் ஏன் போனோம் என்று வேகுவாள். தேடவில்லை என்றால் அது வேறு மாதிரி வேகும். உண்மையையாவது சொல்லலாம் என்று அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஆக்ஸிஜன் அளவு ஞாபகம் வந்தது. திரையில் ஓடிய பச்சைக் கோடு வந்தது. கையில் நான் ஒட்டிய பிளாஸ்டர்கூட வந்தது. முகம் வரவே இல்லை. சீ, என்ன ஜென்மம் நான்!

"தெரியலம்மா" என்றேன். "நான் மெஷினைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அந்த அம்மாள் என்னையே பார்த்தாள். கோபமில்லை, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

"அப்ப, அவரை யாரும்மா பாத்துட்டிருந்தா?"