கரைக்குப் போவது யார்

கப்பல் சமையல்காரன் பதில் சொல்ல வாயெடுக்கிற இடத்தில் அவள் படத்தை மறுபடி நிறுத்தினாள். காலையிலிருந்து ஏழாவது தடவை. பழைய கறுப்பு வெள்ளைப் படம். கடலடியில் தந்திக் கம்பி பதிக்கப் போன கப்பலில் ஏழு பேர். அதில் ஒருவன் மனிதனில்லை, எங்கிருந்தோ வந்து மனித உருவில் ஏறிக்கொண்ட ஏதோ ஒன்று. எவன் என்று யாருக்கும் தெரியாது. படமெடுத்தவர் அந்த ஜந்துவைக் கடைசிவரை காட்டவேயில்லை. கைகளைத்தான் காட்டினார். கோப்பையை நீட்டும் கை, வாங்கத் தயங்கும் கை. பின்னணி இசை கிடையாது, இயந்திரத்தின் உறுமல் மட்டும். பன்னிரண்டு வருடமாகப் பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவளுக்கே உள்ளங்கை வியர்த்தது.

படம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. எழுத ஒருவர், சரிபார்க்க ஒருவர் என்றிருந்ததை அடுத்த மாதம் முதல் ஒரே ஆள் வேலையாக்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். யார் அந்த ஆள் என்று சொல்லவில்லை. சரிபார்ப்பவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வாரமாக அவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்தாள். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தாள். இன்று முதலாளியின் அறைக்குள் போனவர், கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தார்.

வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சிக்கல் என்று கேட்டார். கடைசிக் காட்சி. மிஞ்சியவர்கள் கேப்டனும் சமையல்காரனும். யார் கரைக்குப் போவார்கள் என்று கேப்டன் கேட்கிறான். சமையல்காரனுடைய பதில் ஒரே சொல். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குள் கேட்பவனும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். படத்தின் உயிரே அதில்தான். தமிழ் அப்படி மழுப்ப விடாது. 'நாம்' என்றால் அவன் மனிதன். 'நாங்கள்' என்றால் அவன் கூட்டமே வேறு.

இந்த விஷயத்தில் அண்ணன் படு கறார். ஒருமுறை காதல் காட்சியில் அவள் 'நாங்கள் ஊருக்குப் போகலாம்' என்று எழுதிவிட, "ஏம்மா, அந்தப் பொண்ண ஸ்டேஷன்லயே விட்டுட்டா போறான்?" என்று கேட்டு அலுவலகத்தையே சிரிக்கவைத்தவர்.

அவள் திரையைப் பார்த்தபடியே, உள்ளே என்ன பேச்சு என்று கேட்டாள்.

"பெருசா ஒண்ணுமில்லம்மா. அடுத்த மாசம் எப்படின்னு நாங்க முடிவு பண்ணிட்டுச் சொல்றோம்."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். ஏதோ சொல்ல வந்து இருமினார்.

நாங்க என்றால் யார் யார் என்று அவள் கேட்டிருக்கலாம். வாய் தவறியிருக்கலாம், முதலாளி சொன்னதை அப்படியே ஒப்பித்தும் இருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்பதுதான் பயமாக இருந்தது. கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த ஒரு சொல்ல நீங்களே போட்டுடுங்கண்ணே."

அவர் 'நா' என்று அடித்தார். விரல் அங்கேயே நின்றது. திரையின் அடியில், சாம்பல் நிறக் கடலின் மேல், அந்த ஒற்றை எழுத்து மிதந்தது. அதன் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று தோன்றியது, மறைந்தது, தோன்றியது.