ஓடு ஏறாத வீட்டுக்கு மாப்பிள்ளை

கலந்தருக்கு வண்டி சிறிது, வாய் பெரிது என்று கல்முனைக்குடியில் சொல்வார்கள். அந்தச் சிறிய மாட்டு வண்டியில் ஊருக்கெல்லாம் செங்கல் ஏற்றியே மூன்று பெண்மக்களுக்கு மூன்று வீடு கட்டிக் கொடுத்துவிட்டார் மனிதர். இந்தக் கரையில் ஆணுக்கு வீடு ஏது? பிறந்தால் உம்மாவின் வீடு, கலியாணம் முடித்தால் பொண்டாட்டியின் வீடு, அதுவும் மகளுக்குப் போய்விட்டால் அந்த வீட்டு வளவின் மூலையில் ஓலைக் கொட்டில். கலந்தரும் அவர் மனைவி ஆமினா உம்மாவும் மூன்றாவது மகளின் வளவில் அப்படித்தான் ஒண்டியிருந்தார்கள். கடைக்குட்டி ஸுல்பிகாவின் வீடு எழும்பினால் அங்கே போய் மிச்சக் காலத்தைக் கழிக்கலாம் என்று கலந்தருக்கு உள்ளூர ஓர் ஆசை. ஆனால் ரோசக்காரர். மகளிடம் போய் இடம் கேட்பதாவது!

அந்த நாலாவது வீட்டின் சுவர் சன்னல் மட்டத்துக்கு வந்திருந்த நேரம் பார்த்து எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வந்தது. ஊர்த் தென்னைகளோடு அதையும் படுக்கப் போட்டுவிட்டுப் போனது.

மாப்பிள்ளை மர்சூக் ஸுல்பிகாவுக்கு முன்பே பேசிவைத்த பையன்தான். அவனுடைய உம்மா சல்மா உம்மா லேசுப்பட்டவளா? "ஓடு ஏறாத ஊட்டுக்கு மாப்புள அனுப்புற வழக்கம் எங்கட வம்சத்தில இல்ல கா. நோன்புப் பெருநாளைக்குள்ள ஓடு ஏறல்லெண்டா, பொத்துவில்ல இரிந்து வந்த சம்பந்தத்தப் பேசி முடிச்சிருவன்" என்று ஆமினா உம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அரசாங்கம் வீடு கட்ட மானியம் கொடுக்கிறது என்ற செய்தி அப்போதுதான் வந்தது. கலந்தர் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக அரசாங்க அலுவலகமான கந்தோருக்குப் போனார். படிவம் நிரப்புகிற கனகரெத்தினம் தம்பிலுவில் ஆள், நல்ல மனுசன்; கலந்தரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"வளவு ஆருட பேரில காக்கா?"

"மகள்ட பேரில."

"மகள் முடிச்சிற்றாவா?"

"ஊடு இல்லாம எப்பிடி ஐயா முடிக்கிற?"

கனகரெத்தினம் சுற்றுநிருபத்தைப் புரட்டினார். "வளவு இரிக்கிற ஆள்தான் குடும்பமாவும் இரிக்கணுமாம். முடிக்காத குமருக்குக் குடுக்க ஏலாது. முடிச்சா, புருசனும் பெண்சாதியுமா வந்து கையெழுத்து வைக்கலாம்."

"முடிக்க ஊடு வேணும். ஊட்டுக்கு முடிக்க வேணும். இத எழுதின ஆள் ஆர் ஐயா?"

"கொழும்பில எவரோ. எனக்கிட்டக் கோவிச்சி என்ன செய்ய? நானும் பொண்டாட்டிட ஊட்டிலதான் இரிக்கன்."

திட்ட ஆள் கிடைக்காத கோபம் பொல்லாதது. கலந்தர் வழியெல்லாம் மாட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆமினா உம்மா முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அப்ப காவின எழுதிற்றுப் போங்களன். விருந்தும் வரிசையும் ஓடு ஏறின மறுகா வைக்கலாம்."

காவின் என்றால் கலியாணப் பதிவு. அதை முந்தி எழுதிவைப்பது ஊரில் புதிதல்ல. ஆனால் சல்மா உம்மாவிடம் அதை யார் கேட்பது? ஊருக்கே கதைக்கிற வாய் அன்று கலந்தருக்கு ஒட்டிக்கொண்டது. போகும் வழியில் நாலு பேரிடம் நின்று, வேண்டாத சுகமெல்லாம் விசாரித்து, ஒரு மாதிரிப் போய்ச் சேர்ந்தார்.

சல்மா உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "ஓடு இல்லாம காவினா? நாளைக்கு ஊடு எழும்பல்லெண்டா எண்ட புள்ள எங்க போற?"

பெருநாளுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. மகளின் வாழ்க்கை இந்த வாசலோடு போய்விடுமோ என்று கலந்தர் பயந்தார்.

அதுவரை வாசலில் தலைகுனிந்து நின்ற மர்சூக் வாயைத் திறந்தான். மாப்பிள்ளை வாய் திறப்பது வழக்கமில்லைதான்.

"இப்ப மட்டும் எங்க உம்மா இரிக்கன்? இந்த ஊடும் தங்கச்சிக்குத்தானே. இஞ்சயும் சூறாவளிக்குப் புறகு ஒழுகுது. தங்கச்சிட ஊட்டில நனையிறதும் நனையிறதுதான், பொண்டாட்டிட ஊட்டில நனையிறதும் நனையிறதுதான்."

"ஆஹ்! வெக்கங்கெட்டவனே!" என்றாள் சல்மா உம்மா. ஆனால் கதவுக்குப் பின்னால் அவள் சிரித்தது கலந்தருக்கே கேட்டது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்: காவின் எழுதலாம்; ஓடு ஏறும் வரைக்கும் மாப்பிள்ளை உம்மாவின் வீட்டில்தான் படுக்க வேண்டும்.

அந்த வாரமே காவின் எழுதினார்கள். மர்சூக் நிபந்தனையை ஓர் எழுத்துப் பிசகாமல் காத்தான். படுக்க மட்டும்தான் உம்மாவின் வீட்டுக்குப் போனான். விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு வந்து கல் சுமப்பான், சாந்து குழைப்பான், மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவான். "மாப்புளயா கூலியாளா?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்டால், "கூலியாளெண்டா இவ்வளவு சோறு போடமாட்டம்" என்பார் கலந்தர்.

சூறாவளி பெயர்த்த அத்திவாரத்தைத் திரும்பப் போட்டு முடித்ததும், பார்த்து மானியப் படிவம் எழுதக் கனகரெத்தினம் சைக்கிளில் வந்தார். கல் அடுக்கின் மேல் படிவத்தை விரித்தார். மர்சூக் கையெழுத்து வைத்தான். ஸுல்பிகாவும் முக்காட்டை இழுத்துவிட்டு வந்து வைத்தாள்.

"தங்கி வாழ்வோர் எண்டு படிவத்தில ஒரு கூடு இரிக்கி. இந்த ஊட்டில ஒங்களோட இரிக்கப்போறவங்கட பேர எழுதணும். ஆரும் இரிக்காங்களா தங்கச்சி?"

கலந்தர் சட்டென்று மாட்டின் பக்கம் திரும்பி, சரியாக இருந்த நுகக்கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.

"வாப்பாவும் உம்மாவும் ஐயா" என்றாள் ஸுல்பிகா. யோசிக்கக்கூட இல்லை அவள். "இவர மட்டும் ஓடு ஏறினாத்தான் உள்ளுக்கு எடுப்பம்."

மர்சூக் அசடு வழிந்தான். ஆமினா உம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வளவுக் கோழிகள் கலைந்தன. கலந்தருக்கு மட்டும் கண் நிறைந்து கயிறு தெரியவில்லை. எவ்வளவு நாள் இந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார் என்று அவருக்கே அப்போதுதான் விளங்கியது. மெல்ல வந்து படிவத்தின் மேல் குனிந்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"எண்ட பேரு எவடத்த ஐயா?"

கனகரெத்தினம் பேனை முனையால் காட்டினார். கலந்தர் மூக்கு முட்டுமளவு கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம்" என்றார்.